ஏகமனதாக

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வினையெல்லாம் அந்தக் கையெழுத்தால்தான் வந்தது. மெல்பேர்ணின் தென்கிழக்கே, மல்கிரேவ் பக்கத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் பதினொரு வருடம் செயலாளராக இருந்தேன். என்னை அந்தக் கதிரையில் இருத்தியது என் அறிவோ நேர்மையோ அல்ல. ஒருமுறை தலைவர் என் கூட்டறிக்கைப் புத்தகத்தைச் சபைக்குத் தூக்கிக் காட்டி, “பாருங்கோ, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. அச்சடிச்ச மாதிரி!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கொஞ்சம் கூச்சப்பட்டதுபோல் நடித்தேன்.

வெட்டுத் திருத்தம் இல்லாததற்குக் காரணம் இருந்தது. நான் அறிக்கையைக் கூட்டம் முடிந்தபிறகு எழுதுவதில்லை. முதல் நாளே எழுதிவிடுவேன்.

அது ஒன்றும் கெட்டித்தனம் அல்ல. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமைக்குள் தலைவர் நாலு பேருக்குப் போன் எடுத்திருப்பார். என்ன தீர்மானம், யார் பிரேரிப்பது, யார் ஆமோதிப்பது எல்லாம் அதில் முடிந்துவிடும். சபைக்கு மிச்சம் இருந்தது வடையும் கை உயர்த்தலும்தான். ஆகவே சனிக்கிழமை மாலை, நல்ல மைப்பேனையை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுதுவேன்: இன்னார் பிரேரிக்க, இன்னார் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது. அந்த ‘ஏகமனதாக’ என்ற சொல்லை எழுத எனக்கு ஆசை. ‘ஏ’யின் காலை நீட்டி இழுப்பேன்.

பகலில் எனக்கு நகரசபையில் வேலை, கட்டட அனுமதிப் பிரிவில். இந்த நாட்டில் ஒருவர் வீட்டுக்கு மாடி எழுப்பப் போனால் வேலியில் அறிவித்தல் தொங்கவேண்டும், அயலவர்களுக்குக் கடிதம் போகவேண்டும். விருப்பமில்லாதவர் ஆட்சேபனை எழுதித் தரலாம். அந்த ஆட்சேபனைகளைப் பதிவதுதான் என் உத்தியோகம். பக்கத்து வீட்டு மாடியால் தன் எலுமிச்சை மரத்துக்கு வெயில் படாது என்று ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா எழுதித் தந்தார். அதற்கும் இலக்கம் போட்டேன். மரத்தைப் பார்க்க ஆள் போனது. மாடியின் படத்தை மாற்றி வரையச் சொன்னோம். இதெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஆட்சேபனையே எழாத கூட்டங்களை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டையும் செய்தது ஒரே கை. ஒருநாள்கூட உறுத்தவில்லை.

சுனாமி வந்து ஒரு வருடம் கழித்து, முல்லைத்தீவுக் கரையில் ஒரு ஊருக்குப் பொது மண்டபம் கட்டிக் கொடுப்பதென்று எங்கள் சங்கம் வெளிக்கிட்டது. அந்தக் கரையில் ஏற்கெனவே ஒரு செக் நாட்டுத் தொண்டு நிறுவனம் வேலை செய்துகொண்டிருந்தது. தங்கள் நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி போனபிறகு தாங்கள் பட்டதையும் படித்ததையும் மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று கிளம்பியவர்கள். வீடும் கட்டுவார்கள், கூட்டம் நடத்தவும் சொல்லிக் கொடுப்பார்கள். ஜனநாயகமும் அபிவிருத்தியும் என்பது அவர்களின் வாசகம். மண்டபத்தைச் சேர்ந்து கட்டலாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: முடிவைப் பகிரங்கக் கூட்டத்தில் எடுக்கவேண்டும், அந்த ஊரோடு தொடர்புள்ளவர்களின் குரல் அதில் இருக்கவேண்டும். அதற்கு ஒருநாள் பயிற்சி தர மெல்பேர்ணுக்கே ஆள் அனுப்புவதாகவும் எழுதினார்கள்.

‘செக் வருகிறது’ என்று கேள்விப்பட்டுச் சிலர் காசோலை என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பகிடி சங்கத்தில் இரண்டு மாதம் ஓடியது. தலைவருக்கோ கோபம்.

“நேற்றுக் கண் முழிச்சவை எங்களுக்கு ஜனநாயகம் படிப்பிக்க வருகினம், ஐசே! இவையின்ர தேப்பன்மார் பிறக்க முதலே என்ர பாட்டன் வோட்டுப் போட்டவர். கொல்லன் தெருவில ஊசி விக்க வருகினம்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தலைவரின் பகிடிக்குச் சிரிப்பதும் செயலாளரின் கடமைகளில் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

வந்தவர் ஒரு பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, தடித்த சப்பாத்து. மெல்பேர்ணில் தன் நாட்டுக்காரர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு ‘செக் அன்ரி’ என்று பெயர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. அவர் தன் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழாக்கினேன். சபையில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் வயதானவர்களுக்கும் பின் வரிசையில் இருப்பவர்களுக்கும் விளங்கவேண்டுமே என்று ஏற்பாடு.

காலைப் பயிற்சியில் அவர் தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் ஒரு சைக்கிள் தொழிற்சாலையில் தட்டச்சாளராக இருந்தாராம். வெள்ளிக்கிழமைதோறும் தொழிலாளர் கூட்டம். “ஆனால் அறிக்கையை நான் வியாழக்கிழமையே தட்டச்சு செய்துவிடுவேன்” என்றார். “யார் பேசினார், யார் ஆதரித்தார், எவ்வளவு நேரம் கை தட்டினார்கள், எல்லாம் அதில் இருக்கும். எதிர்ப்பு ஒருநாளும் இருக்காது. எனக்கு அந்த வேலையில் நல்ல பெயர்.”

சபை வெடித்துச் சிரித்தது. கம்யூனிஸ்ட்டுகளின் கூத்தைப் பார் என்று தலைவர் தொடையில் தட்டினார். நான் அந்தப் பகுதியைக் கைகால் எல்லாம் அசைத்து, ருசித்து மொழிபெயர்த்தேன். அந்த நேரத்தில் என் அறிக்கைப் புத்தகம் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, வரவுக் கையெழுத்துக்காக. கையெழுத்துப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அன்று பிற்பகல் நடக்கப்போகும் கூட்டத்தின் முடிவு அழகாக எழுதப்பட்டிருந்தது. யாரும் பார்க்காதபடி அந்தப் பக்கத்தை ஒரு கிளிப் போட்டு மூடியிருந்தேன். புத்தகம் என் கண் முன்னால் கைமாறிப் போக, நான் தொழிற்சாலைக் கதைக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் காது சுடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். காணியின் படத்தைத் திரையில் காட்டினோம். கடலுக்குக் கிட்ட, மேடான மணல் நிலம். ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் ஆமோதித்தார். செக் அன்ரி, “யாருக்காவது வேறு கருத்து இருக்கிறதா?” என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குத் தயாரானேன். எங்கள் சபையில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். எனக்கு அவரைத் தெரியும், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கரையில் பிறந்தவர், கத்தோலிக்கர். கணவர் சிட்னியில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் இருந்து வெளியே வந்தபிறகு குடும்பமாக மெல்பேர்ணுக்கு வந்தவர்கள். விடியப்புறத்தில் மல்கிரேவின் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை அவருக்கு. எங்கள் கூட்டங்களில் தேத்தண்ணி ஊற்றுவார். ஊற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீங்கள் இருங்கோ என்று யாரும் சொன்னதுமில்லை.

“ஐயா, கோவிக்காதேங்கோ” என்று தொடங்கினார். “மண்டபம் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஆனா நீங்கள் காட்டுற காணி சும்மா கிடக்கிற காணியில்லை. அதிலதான் என்ர அக்காவும் மற்றப் பொம்பிளையளும் கருவாடு காயப்போடுறவை. சுனாமிக்குப் பிறகு கரையில மிஞ்சின மேட்டு நிலம் அது ஒண்டுதான். அக்கான்ர மனுசன் கடலோட போட்டார். மூண்டு பிள்ளையள். கருவாடுதான் அதுகளுக்குச் சோறு. அதில கட்டினா அவையள் எங்க கொண்டுபோய்க் காயப்போடுறது? கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டுங்கோ. கட்ட முதல் அந்தப் பொம்பிளையளை ஒருக்காக் கேளுங்கோ.”

கடைசி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

தலைவர் இருமினார். அந்த இருமலை நான் அறிவேன். செக் அன்ரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, “இவரும் அந்த ஊரைச் சேர்ந்தவர். மண்டபம் வருவதில் மிகவும் சந்தோஷம் என்கிறார். உங்களுக்கு நன்றி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். தலைவருக்குப் பயம் என்று ஒரு காலம் சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் எழுதியாயிற்று என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை. ஆனால் அடியில் கிடந்தது வேறு. வெள்ளைக்காரிக்கு முன்னால் கருவாட்டைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. கருவாட்டுக்காக ஒரு மண்டபத்தை நகர்த்துவதா என்று நினைத்தேன். சொன்னது கரையோரச் சனம், துப்புரவு வேலை செய்பவர், பின் வரிசை. எலுமிச்சை மரத்துக்கு இலக்கம் போட்ட கைக்கு, கருவாட்டுக்கு இலக்கம் போடத் தோன்றவில்லை. என் ஊரில் எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சனத்தை எந்த இடத்தில் வைத்திருந்தார்களோ, அதே இடத்தில் நானும் வைத்திருந்தேன். பிளேன் ஏறி வந்ததால் அது கழன்றுவிடவில்லை.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார் செக் அன்ரி.

“அவ்வளவுதான்” என்றேன்.

வாக்கெடுப்பு. ஆதரவானவர்கள் கை உயர்த்தினார்கள். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. தங்கச்சி இரண்டுக்கும் கை உயர்த்தவில்லை. செக் அன்ரி அதைக் கவனித்திருந்தார். நான் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று தீர்மானத்தை வாசித்து முடித்து, சபை எழும்பிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கியபோது, அந்தப் பெண் ஏன் வாக்களிக்கவில்லை என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “எங்கள் கலாசாரத்தில், சபையில் நன்றி சொன்ன பெண்கள் பிறகு கை உயர்த்துவது மரியாதை இல்லை” என்றேன். அப்படி ஒரு கலாசாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது அது. இரண்டாயிரம் வருடத் தமிழ்ப் பண்பாட்டுக்கு என்னுடைய ஒரே பங்களிப்பு.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் செக் அன்ரியை ஏற்ற வருபவருக்காகக் காத்து நின்றோம்.

“அந்தப் பெண் நீளமாகப் பேசினார். நீங்கள் சுருக்கமாகச் சொன்னீர்கள்” என்றார் அவர்.

“தமிழ் நீளமான மொழி” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “தீர்மானத்தை வாசித்தபோது ஒரு சொல்லைச் சொன்னீர்களே, ஏக... ஏக...”

“ஏகமனதாக. எல்லோருக்கும் ஒரே மனம் என்று அர்த்தம்.”

அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். “எங்களிடமும் அதற்கு ஒரு சொல் இருந்தது. இப்போதும் அதைக் கேட்டால் என் காதில் தட்டச்சுச் சத்தம் கேட்கும்” என்றார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் தான் தங்கியிருக்கும் வீட்டின் தொலைபேசி இலக்கத்தை எழுதி என் கையில் வைத்தார். “நான் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறேன். அதுவரைக்கும் எதையும் மாற்றலாம். ஏதாவது ஒரு வசனம் விடுபட்டிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னால் முடியாது. நான் வியாழக்கிழமைகளில் தட்டச்சு செய்தவள்.”

கார் வந்து அவர் ஏறிப் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். என் புத்தகத்தை அவர் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையிடத்தில் இருந்து அந்த இலக்கத்தை அழுத்தினேன். ஒரு கிழவரின் குரல், அவர்கள் மொழியில் ஏதோ கேட்டது. “மன்னிக்கவும், பிழையான இலக்கம்” என்று வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி எடுப்பேன் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு நிறைய வேலை இருந்தது என்று இப்போது சொன்னால் அதுவும் பொய்.

அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பது வழக்கம். எழுந்து நின்று வாசித்தேன். ‘ஏகமனதாக’ என்ற இடத்தை அவசரமாக வாசித்துத் தாண்டினேன். “திருத்தம் ஏதும் இருக்கோ?” என்று தலைவர் கேட்டார். என் வாயால் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு திருத்தம் இருக்கிறது, ஒருவர் ஆட்சேபித்தார் என்று சொன்னால் போதும். நான் பின் வரிசையைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன், வெட்கங்கெட்டவன். அவர் பேசவில்லை.

“அப்ப, அறிக்கையை ஏற்கிறவை கையை உயர்த்துங்கோ.”

முதலில் எழுந்தது தங்கச்சியின் கை.

எனக்கு மூச்சு வந்தது. மறந்துவிட்டார், அல்லது மனம் மாறிவிட்டார் என்று என்னை ஆற்றிக்கொண்டேன். என் மொழிபெயர்ப்பு அவருக்கு விளங்கியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மண்டபம் எழுந்தது. திறப்பு விழாப் படங்கள் வந்தன. கல்வெட்டில் தலைவரின் பெயரும் அதற்குக் கீழே என் பெயரும். ஒரு படத்தின் இடது மூலையில், தெருவோரத்தில் சாக்கு விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் லொறிப் புழுதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குந்தியிருந்தார். சங்க மலரில் அந்தப் படத்தைப் போட்டபோது அந்த மூலையை வெட்டிவிட்டேன். அப்படிக் காயவைத்த கருவாடு மண் கடிக்கிறதென்று வியாபாரிகள் எடுக்கவில்லை, அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டார்கள் என்று பிறகு தலைவரே ஒரு பயணம் போய்வந்து சொன்னார். வெயில் கூடிப்போச்சு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

2009இல் போர் அந்தக் கரைக்கு வந்து எல்லாவற்றையும் தின்றது. மண்டபமும் போயிற்று. “எங்க கட்டியிருந்தாலும் இதுதான் கதி” என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த நொடிக்காகவும் வெட்கப்படுகிறேன்.

அந்த வருடம் ஒரு ஞாயிறு பிற்பகல், காணாமல் போனவர்களுக்காக எங்கள் வழக்கமான மண்டபத்தில் பிரார்த்தனை வைத்தோம். முடிந்தபிறகு குசினிக்குள் போனேன். தங்கச்சி கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அக்காவும் பிள்ளைகளும் ஊரில் அகதி முகாமொன்றில் உயிரோடு இருக்கிறார்கள் என்று இரண்டு நாளைக்கு முன்தான் செய்தி வந்திருந்தது. நான் ஒரு துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன். பதினொரு வருடத்தில் நான் அந்தக் குசினியில் செய்த முதல் வேலை.

“தங்கச்சி,” என்றேன், “அண்டைக்கு, அந்தச் செக் அன்ரி வந்த நேரம், நீங்கள் சொன்னதை நான் ஒழுங்கா மொழிபெயர்க்கேல்லை.”

“தெரியும், அண்ணை.”

“எப்பிடி?”

“எனக்கு இங்கிலிஷ் விளங்கும். ஒப்பிசுகளில ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுத்தான். கதைக்கத்தான் வராது.” தண்ணீரைத் திருகி மூடினார். “நான் தாங்க்யூ சொன்னதா நீங்கள் சொன்னதும் கேட்டது. பொம்பிளையள் கை தூக்கிறேல்லை எண்டதும் கேட்டது. முன்னுக்கு வந்து கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டனான்.”

என் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “அப்ப, நான் மாத்திச் சொல்லேக்கையே உங்களுக்குத் தெரியும்...”

“அதுக்கு முதலே தெரியும், அண்ணை. கையெழுத்து வைக்கேக்கை உங்கட கிளிப் கழண்டு விழுந்தது. பக்கம் திரும்பிட்டுது. வாசிச்சனான். எழுதிப்போட்டினம், எண்டாலும் ஒருக்காச் சொல்லிப் பார்ப்பம் எண்டுதான் எழும்பினனான். கிளிப்பைத் திருப்பி நான்தான் மாட்டி விட்டனான். பக்கத்தில இருக்கிற ஆக்கள் பார்த்தா உங்களுக்குக் கரைச்சல்.”

“பிறகேன் அடுத்த கூட்டத்தில கை தூக்கினனீங்கள்?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “நான் மாட்டன் எண்டா நீங்கள் அந்தச் சொல்லை வெட்டவேண்டி வரும். வடிவான எழுத்து, அண்ணை. வெட்டினா வடிவா இருக்காது.”

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. “போட்டு வாறன் அண்ணை” என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கேலியாக இருந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன்.